மங்கம்மா படகில் ஆயில் ஒழுகிய வரலாறு

காசிமேட்டில் நிற்கும் ‘ஸ்ரீ மங்கம்மா’ என்ற விசைப்படகின் எஞ்சினில் எந்தப் பழுதும் கிடையாது. ஆனாலும், ஒரு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் நாளிலிருந்து அந்தப் படகுக்குள் எஞ்சின் ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அன்று வஞ்சிரத்துக்கு நல்ல விலை, சங்கரா சுமார், காரப்பொடி மீனைக் கேட்க ஆளில்லை. எஞ்சினுக்குள் ஊற்றிய ஆயில் ஊற்றியபடியே இருந்தது; அளவுக் கம்பியை உருவித் துடைத்துச் செருகி மறுபடி உருவினால் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கீழே எஞ்சின் ரூமின் பள்ளத்தில் தேங்கியது அதற்குச் சம்பந்தமில்லாத தனி ஆயில். ஓடிக் கறுத்ததும் அல்ல. கடையில் டின்னை உடைத்து அப்போதுதான் ஊற்றியது போலத் தேன் நிறத்தில், விரலில் தொட்டுத் தூக்கினால் நூலாக இறங்கும் முதல்தர ஆயில்.

படகின் உரிமையாளர் திருமலை, திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர், விசைப்படகு உரிமையாளர் சங்கம் ஒன்றின் தலைவர். படகுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தவர். கடலுக்குப் போகும்போது கட்டம்போட்ட லுங்கியும், பாலிதீன் உறைக்குள் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை ஒன்றும் எடுத்துப்போவார். கரை நெருங்கும்போது உறையைப் பிரித்து மாட்டிக்கொண்டு படகின் முன்னால் வந்து நிற்பார். மாலை வாங்கி வைத்துக்கொண்டு யாராவது காத்திருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதும் உண்டு. சில சமயம் காத்திருக்கவும் செய்தார்கள், ஏனென்றால் ஐஸ் டோக்கனும் டீசல் டோக்கனும் சங்கத்தின் வழியாகத்தான் கிடைத்தன.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. நடுக்கடலில் ஒரு படகு நின்றுபோனால், பக்கத்தில் இருக்கிற படகு அதைக் கயிறு போட்டுக் கட்டிக் கரைவரை இழுத்து வரும். கூலி கேட்பதில்லை, சாதி மதம் கேட்பதில்லை, முந்தின நாள் போட்ட சண்டையைக்கூடக் கரைக்கு வந்தபிறகுதான் தொடர்வார்கள். கட்டுமரக் காலத்திலிருந்து இருந்துவருகிற வழக்கம் என்பதால் அதை யாரும் வாயால் சொன்னதில்லை. மூச்சு விடவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை அல்லவா. முதன்முதலில் அதை வாயால் சொன்னவர் திருமலைதான். சொன்னதோடு நிற்காமல், ‘நின்ற படகை இழுக்காதவன் மீனவனே அல்ல’ என்று பெரிய ஃபிளெக்ஸ் அடித்து, கீழே தன் பெயரையும், கயிறு ஒன்றைச் சுட்டிக்காட்டும் தன் படத்தையும் போட்டு, ஐஸ் ஃபேக்டரி சுவரில் கட்டினார். அவரும் படகுகளை இழுத்துவந்தது உண்டு. பெரும்பாலும் கரையில் போட்டோ எடுக்க ஆள் இருந்த நாட்களில்.

அந்த முதல் நாள் விடியும்போதே திருமலையின் வலை நிறைந்துவிட்டது. மற்றவர்கள் இன்னும் வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாகக் கடல் மீன் பார்க்காத நகரம் கூடையோடு காத்திருக்கிறது. முதலில் கரையேறும் படகு சொன்னதுதான் விலை. வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மேற்கே குச்சி போலத் தெரிய ஆரம்பித்த இடத்தில் வயர்லெஸ் கரகரத்தது. ராயபுரம் ஜார்ஜின் குரல். அவருடைய ‘தூய அந்தோணியார்’ படகில் கியர் பாக்ஸ் போய்விட்டது, யாராவது வந்து கட்டுங்கள் என்றார். ஜார்ஜின் படகு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. அதில் காயப்போட்டிருந்த சட்டைகளின் நிறம்கூடத் தெரிந்தது. டிரைவர் கிருஷ்ணப்பன் வழக்கப்படி, யாரையும் கேட்காமல், சுக்கானைப் பாதி திருப்பியும் விட்டான். திருமலை அவன் கைமேல் தன் கையை வைத்தார். ஒரு படகை இழுத்துக்கொண்டு போனால் வேகம் பாதியாகும், கரை சேர சாயங்காலம் ஆகும், சாயங்கால விலை என்பது காலை விலையின் மிச்சம். அவர் மைக்கை எடுத்துப் பித்தானை அழுத்தினார்.

“ஜார்ஜு, ஒன்னியும் தப்பா நென்ச்சிக்காத நைனா. நம்ம எஞ்சின்ல ஆயில் ஒழுவுது. உன்ன கட்டி இழுத்தா நம்ம வண்டியும் நின்னுடும். பின்னால வர்ற போட்டுங்கள கேளு.”

ஜார்ஜ் கோபப்பட்டிருந்தால் இந்த வரலாறு எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. அவர் பதறிப்போய், “அடக் கடவுளே, அத்த பாரு மொதல்ல. மெதுவா ஓட்டிகினு போ. நம்மளப் பத்திக் கவலப்படாத,” என்றார். அந்தச் சேனலில் அன்று கடலில் இருந்த அத்தனை படகுகளும் இதைக் கேட்டன.

திருமலை மெதுவாகப் போகவில்லை. தன் வாழ்நாளிலேயே அவ்வளவு வேகமாக அவர் கரைக்கு வந்ததில்லை. ஏலத்தில் அவர் மீன்தான் முதல் மீன். வெள்ளைச் சட்டையோடு நின்று விலையைக் கேட்டுவிட்டுப் படகுக்குத் திரும்பியபோது, கிருஷ்ணப்பன் எஞ்சின் ரூமுக்குள் குனிந்து நின்றுகொண்டிருந்தான். “தல, ஆயில் ஒழுவுது,” என்றான். அவன் முகத்தில் பேயைப் பார்த்த களை இருந்தது. திருமலையோ எட்டிப் பார்த்துவிட்டு, பல நாள் கழித்து மகன் வீடு திரும்பியது போல மகிழ்ந்துபோனார். எஞ்சின் தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து ஆயிலைக் காட்டினார். சங்கப் பொருளாளரை மோந்துகூடப் பார்க்கச் சொன்னார்.

அதற்குள் கடலில் காற்று திரும்பிவிட்டது. பின்னால் வந்த படகுகள் தேடிப்போன இடத்தில் ஜார்ஜின் படகு இல்லை. நீரோட்டம் அதை வடக்கே ஆந்திரா பக்கம் கொண்டுபோய்விட்டது. பிடித்த மீன் ஐஸ் கரைந்து அழுகி, குடிதண்ணீர் தீர்ந்து, ஆட்கள் வானத்தைப் பார்த்துப் படுத்துவிட்ட பிறகு, கிருஷ்ணப்பட்டினத்துப் படகு ஒன்று வழக்கப்படி அவர்களைக் கட்டி இழுத்துக் கரையேற்றியது. உயிர்ச்சேதம் இல்லை. ஜார்ஜின் மச்சான் ஃப்ரெடிக்கு மட்டும் அன்று எடுத்த தாகம் அதன்பிறகு அடங்கவேயில்லை. கையில் எந்நேரமும் தண்ணீர் பாட்டிலோடுதான் இருப்பான், கோயிலில் பூசைக்கு நடுவே குடிப்பான், தூக்கத்திலும் குடிப்பான், மேகம் கறுத்தால் நடுரோட்டில் நின்று வாயைத் திறப்பான். மருத்துவர்கள் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ராயபுரம் அதைப் பழகிக்கொண்டு, அவன் போகிற வழியில் குடங்களை வாசலில் வைக்க ஆரம்பித்தது.

கரையேறிய ஜார்ஜ் வீட்டுக்குப் போகவில்லை. வெடித்த உதட்டோடு நேராக மங்கம்மா படகுக்கு வந்தார். “எஞ்சினு இன்னா ஆச்சு திருமலை? அங்க படுத்துகினு அதையே தான் நென்ச்சிகினு இருந்தேன்,” என்றார். குனிந்து ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. “பாவம் நீ. இத்த வெச்சிகினு எப்டிதான் கர வந்து சேந்தியோ.” அந்த நிமிடத்தில்தான் திருமலைக்கு முதன்முதலாக அந்த ஆயிலைப் பார்க்கக் கூசியது. வெட்கம் என்பது முகத்தில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அவருக்கு அது உள்ளங்கையில் வந்தது. அன்று மைக்கைப் பிடித்த கை வழவழவென்று ஆனது. லுங்கியில் துடைத்தார், போகவில்லை. அன்று முதல் அவர் அந்த மைக்கைத் தொடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி, வேறு வயர்லெஸ் பெட்டி ஒன்று வாங்கிக் கிருஷ்ணப்பனிடம் கொடுத்துவிட்டு, பழைய மைக்கை அதன் கொக்கியிலேயே விட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தார்.

ஆயில் நிற்கவில்லை. வாளி வாளியாக மொண்டு வெளியேற்றினார்கள். எஞ்சின் மெக்கானிக் கமாலுதீனை வரவழைத்தார்கள். கமாலுதீன் எஞ்சினை டீசலால் கழுவி, துணியால் துடைத்து, காற்றடித்து உலர்த்தி, மேலிருந்து கீழ்வரை முகப் பவுடரைத் தூவினார். கசிவு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு விழும் என்பது கணக்கு. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பவுடர் பூசிய எஞ்சின், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கூடத்தில் உட்கார்ந்த பெண்ணைப் போல உலர்ந்து மினுமினுத்தது. கீழே ஆயில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கமாலுதீன் மனம் தளராமல் கேஸ்கெட் மாற்றினார், ஆயில் சீல் மாற்றினார், அடிப்பக்கத் திருகின் வாஷர் மாற்றினார், கடைசியில் தன் பேச்சையும் மாற்றி, இது என் தொழிலில் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து கம்பெனியிலிருந்து லேப்டாப்போடு ஒருவர் வந்தார். ஆயிலில் பச்சைச் சாயம் கலந்து ஓடவிட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் இருந்த ஆயில் பச்சையாக மின்னியது. கீழே ஒழுகியது தேன் நிறத்திலேயே இருந்தது. அவர் கொடுத்த அறிக்கையில், கசிவு இருப்பது உறுதிசெய்யப்படுகிறது என்றும், கசிவின் காரணம் கசிவே என்றும், ஆயிலின் தரம் மிகவும் திருப்திகரமாக உள்ளது என்றும் கண்டிருந்தது.

இந்தத் தேடல்களையெல்லாம் நடத்தவேண்டிய நிலையில் திருமலை இருந்தார். தேடவேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வரும். தேடினால் என்ன கிடைக்குமோ, தெரியாது. கரையில் ஒருவர்கூட அவர் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஏலக்காரி சிலுவையம்மாள் மட்டும் மீன் கூடையைத் தட்டிக்கொண்டே, யாருக்கும் சொல்லாதது போல, “ஆயில் ஒழுவுற போட்டு மொத ஆளா வந்துது, ஒழுவாத போட்டெல்லாம் பொழுதுசாய வந்துது. அப்ப எல்லாரும் ஒழுவ வுட்டுக்கங்கப்பா, சீக்கிரம் வூடு போய்ச் சேரலாம்,” என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். திருமலையும் சங்கத் தலைவருக்குரிய பெருந்தன்மையோடு சேர்ந்து சிரிப்பார். வீட்டில் மங்கம்மா சோறு போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “எங்க போனாலும் மங்கம்மா ஒழுவுது, மங்கம்மா ஒழுவுதுன்றானுங்க. மொதல்ல அந்தப் பேர அழிச்சிட்டு உன் பேர எழுது.”

ஜார்ஜ் ஒருவர்தான் நம்பினார். அவரிடம் உண்மையைச் சொல்லாதவர்களில் பாதிப் பேர், சொன்னால் அவர் மனசு உடையும் என்று சொல்லாதவர்கள். மீதிப் பேர் ஐஸ் டோக்கன் வாங்கவேண்டியவர்கள். அவருடைய மனைவி வியாகுலம்மாள் சொல்லிப் பார்த்தாள். “நீ கூப்ட்டா அவன் வந்திருக்கணும். வர்ல. அவ்ளோதான்,” என்றாள். ஜார்ஜ் அவளைக் கடிந்துகொண்டார். கண்ணால் பார்த்த ஆயிலை எப்படி இல்லை என்பது. நண்பனின் எஞ்சின் தன்னால் கெட்டது போல அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. ஆபத்தில் இருந்தவனிடம் போய் உதவி கேட்டோமே என்று. மீன்பிடித்துத் திரும்பும் நாளெல்லாம் மாலையில் டார்ச்சும் பழந்துணியுமாக மங்கம்மா படகுக்கு வந்து, எஞ்சின் ரூமில் குப்புறப் படுத்துக் கசிவைத் தேடினார். எஞ்சின் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை அவர் மறைத்ததும் இல்லை. தேடிக்கொண்டே பழைய கதை பேசுவார், தப்பான நட்டைத் திருகுவார், திருமலைக்கு ஆறுதல் சொல்வார். கூட வரும் ஃப்ரெடி மேலே தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். அந்தக் கடகட சத்தம் திருமலைக்கு எஞ்சின் ரூம்வரை கேட்கும். வருடங்கள் போயின. வியாகுலம்மாள் புருஷனுக்கும் திருமலைக்குமாகத் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்தனுப்புவாள். ஒருநாள் அவளே கொண்டுவந்து திருமலைக்கு ஊற்றி, “நல்லா சாப்டுங்க. ஆயிலு கம்மியாத்தான் ஊத்திகீறேன்,” என்றாள். அதன்பிறகு அவருக்கு மீன் குழம்பு இறங்குவதில்லை.

பிறகு ஒரு தடைக்காலத்தில், எல்லாப் படகும் கரையில் நின்றபோது, ஜார்ஜின் யோசனைப்படி எஞ்சினையே கழற்றி எடுத்துவிட்டார்கள். கிரேன் வைத்துத் தூக்கி, கமாலுதீன் பட்டறையில் கொண்டுபோய் வைத்தார்கள். எஞ்சின் அங்கே ஒரு சொட்டுச் சிந்தாமல் உட்கார்ந்திருந்தது. படகில் எஞ்சின் இருந்த காலியிடத்தில் வழக்கம்போல ஆயில் ஏறியது. சங்கத்தின் விசாரணைக் குழு கூடி, டீயும் வடையும் சாப்பிட்டு, இல்லாத எஞ்சினிலிருந்து கசிவு தொடர்வது கவலைக்குரியது என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஜார்ஜ் காலியிடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “திருமலை, இவ்ளோ நாளா எஞ்சினு எஞ்சினுன்னு தேடிகினு இருந்தோம், நீ எஞ்சினுன்னு சொன்னதால. எண்ண கீழதான் எறங்கும். அப்ப ஊத்து மேல எங்கியோ கீது,” என்றார். திருமலை மேலே பார்த்தார். மேலே டெக், அதற்கு மேலே படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸ், அதற்குள் கொக்கியில் துண்டு போர்த்திய மைக். அவர் உள்ளங்கை நனைந்தது. “விடு ஜார்ஜு, வயசாயிடுச்சு போட்டுக்கு,” என்றார். ஜார்ஜ் விடுவதாக இல்லை. மொத்தப் படகுக்கும் பவுடர் அடித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

செய்தி பரவியது. திருமலைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் வாய், பல வருடப் பழக்கத்தில், அதை ஒரு விழாவாக அறிவித்துவிட்டது. சங்கம் பந்தல் போட்டது. நாற்காலிகள் வந்தன. ‘கசிவின் மூலத்தைக் காணும் மாபெரும் நிகழ்ச்சி, தலைமை: திருமலை’ என்று ஃபிளெக்ஸ் வந்தது. ஜார்ஜுக்குப் போர்த்தப் பொன்னாடை ஒன்றும் வாங்கிவைத்தார்கள். ஒன்றும் கிடைக்காது, பொன்னாடை போர்த்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று திருமலை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ராயபுரத்துப் பெண்களும் திருவொற்றியூர்ப் பெண்களும் வீட்டிலிருந்த பவுடர் டப்பாக்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். மங்கம்மாவும் தன் பங்குக்கு, அந்தப் பேர் போனால் போதும் என்று, பெரிய டப்பாவாகவே கொடுத்தாள். படகை உள்ளும் புறமும் துடைத்து, ஜார்ஜும் ஃப்ரெடியும் கமாலுதீனும் கிருஷ்ணப்பனும் பலகை பலகையாகப் பவுடர் தூவினார்கள். துறைமுகம் முழுக்கக் கருவாட்டு வாசனையை அமுக்கிக்கொண்டு கல்யாண மண்டப வாசனை எழுந்தது. காக்கைகள் குழம்பிப்போய்த் துறைமுகத்தின் மறுகோடிக்குப் போயின. பிறகு எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வரவேற்புரை நடந்தது.

வாழ்த்துரை பாதி போய்க்கொண்டிருந்தபோது ஜார்ஜ் எஞ்சின் ரூமிலிருந்து குரல் கொடுத்தார். வெள்ளைப் பவுடரில் விரல் தடிமனுக்கு ஒரு ஈரக்கோடு விழுந்திருந்தது. அவர் அதைப் பின்பற்றி மேலே வந்தார். கோடு எஞ்சின் ரூம் சுவரில் ஏறி, டெக்கின் இடுக்கு வழியாக நுழைந்து, வீல் ஹவுஸின் ஒட்டுப்பலகைக்குப் பின்னால் போனது. கமாலுதீன் பலகையைப் பெயர்த்தார். பின்னால் ஒரு கறுப்பு வயர் மேலே போனது. வயர் முழுக்க ஆயில். ஜார்ஜ் வயரை விரலால் தடவிக்கொண்டே போய், கொக்கியில் இருந்த துண்டை எடுத்தார். துண்டு கனத்துத் தொங்கியது. பழைய மைக்கின் சின்னச் சின்ன ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் தேன் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு, உருண்டு, ஒன்றாகி, வயர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பேச வாயை வைக்கும் இடம்.

மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஜார்ஜ் நின்றார். அதில் யார், எப்போது, என்ன பேசினார்கள் என்பதை அவர் நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. முகத்தில் பவுடர் படிந்திருந்ததால் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. பந்தலில் ஒலிபெருக்கிகூட நின்றுவிட்டது. ஃப்ரெடி பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான். திருமலை வெள்ளைச் சட்டையோடு இரண்டு எட்டு முன்னால் நின்றிருந்தார். ஜார்ஜ் திட்டவில்லை.

“எஞ்சினு நல்லாத்தான் கீது, திருமலை,” என்றார்.

மைக்கை அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டினார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கிப் பந்தலைக் கடந்து போனார். வியாகுலம்மாள் நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. முந்தானையால் அவர் காதோரப் பவுடரைத் தட்டிவிட்டுக்கொண்டே கூட நடந்தாள். பொன்னாடை மடித்தது மடித்தபடி நாற்காலியில் கிடந்தது. நன்றியுரை சொல்லவேண்டிய பொருளாளர், எதற்கும் இருக்கட்டும் என்று நன்றியுரை சொன்னார்.

தடைக்காலத்தின் மிச்ச நாட்களில் திருமலை வீட்டை விட்டு வரவில்லை. ஐஸ் ஃபேக்டரி சுவரிலிருந்த ஃபிளெக்ஸை மங்கம்மாவே போய் அவிழ்த்து வந்து, கொல்லையில் விறகுக்குமேல் மழைக்குப் போர்த்தினாள். கயிற்றைச் சுட்டும் விரல் தினமும் விறகைச் சுட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எஞ்சினை ஏற்றிப் படகுகள் கடலுக்குப் போன முதல் நாள், விடியலில், வள்ளூர்ப் புகைபோக்கிகள் குச்சியாகத் தெரியும் அதே இடத்தில், திருமலை பழைய மைக்கை எடுத்தார். அது கையில் வழுக்கியது; இரண்டு கையாலும் பிடித்துப் பித்தானை அழுத்தினார். “நான் திருமலை பேசறேன். அன்னிக்கு நம்ம எஞ்சினு நல்லா இருந்துது. லீக்கு இல்ல. பொய் சொன்னேன்,” என்றார். இதைச் சொல்ல அவர் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தார். சொன்னதும் கடலே ஒருகணம் ஸ்தம்பிக்கும் என்று அவருக்குள் இருந்த சங்கத் தலைவர் எதிர்பார்த்தார். சேனல் கொஞ்ச நேரம் கரகரத்தது.

“தெரியும் தல,” என்றது ஒரு குரல். “சேனல வுடு. வல எறக்கிகினு கீறோம்.”

“இத்த சொல்லவா மைக்க புடிச்ச? நான் காத்து மாறுதோன்னு பயந்துட்டேன்,” என்றது இன்னொன்று.

அதற்கப்புறம் மீன் எங்கே கிடக்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். ஊரே தன் பொய்யை முதல்நாளே தெரிந்துகொண்டு, இத்தனை வருடம் தன்னோடு டீ குடித்து, தன் கையால் டோக்கன் வாங்கி, தன் பந்தலில் கைதட்டியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மறைத்து வைத்திருந்ததாக நினைத்தது, மறைந்திருந்த ஒரே இடம் ஜார்ஜின் மனசு. அங்கிருந்தும் அது போய்விட்டது. ஜார்ஜும் அந்தச் சேனலில்தான் இருந்தார்.

ஆயில் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்று எதிர்பார்த்த கிருஷ்ணப்பன் கொஞ்ச நாள் ஏமாற்றத்தோடு இருந்துவிட்டு, மைக்குக்குக் கீழே ஒரு கேனைக் கட்டித் தொங்கவிட்டான். கேன் நிறைந்தால் வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். கமாலுதீன் பட்டறைக்கு அதுதான் இப்போது ஆயில். சிலுவையம்மாள் ஏலக்கடைத் தராசின் அச்சுக்கு அதைத்தான் போடுகிறாள். தராசு அதன்பிறகு கொஞ்சமும் ஏமாற்றுவதில்லை என்று அவளுக்கு வருத்தம். சங்கத் தலைவராக வேறொருவர் வந்து, வேறு ஃபிளெக்ஸ் அடித்தார். திருமலை லுங்கியோடு போய் லுங்கியோடு வரத் தொடங்கினார். மைக்கைத் தொட்ட சட்டை எதுவும் வெள்ளையாக நிலைக்காது என்பதும் ஒரு காரணம். நடுக்கடலில் யார் படகு நின்றாலும் முதலில் வருவது மங்கம்மாதான் என்பது வழக்கமாகிவிட்டது. இதை யாரும் வாயால் சொல்வதில்லை. ஜார்ஜ் துறைமுகத்தில் அவரைப் பார்த்தால் விலகிப் போவதில்லை, நிற்பதும் இல்லை. மாலையில் டார்ச்சோடு யாரும் வருவதில்லை. திருமலை சில மாலைகளில் எஞ்சின் ரூமில் தனியாக உட்கார்ந்து, பழுதில்லாத எஞ்சினைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் ஒருநாள், வஞ்சிரம் தீபாவளி விலைக்கு ஏறியிருந்த சமயம், மங்கம்மாவின் வலை அப்போதுதான் கடலில் இறங்கியிருந்தது. சேனலில் ஜார்ஜின் குரல் வந்தது. கியர் பாக்ஸ், அதே கியர் பாக்ஸ். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எண்ணூருக்கு நேர் கிழக்கே நிற்கிறேன், யாராவது கட்டுங்கள் என்றார். கிருஷ்ணப்பன் சுக்கானைத் திருப்பலாமா என்று பார்த்தான். வலையைத் தூக்கச் சொன்னார் திருமலை. அதற்குள் சிக்கியிருந்த மீனில் பாதி, தூக்கும் வழியிலேயே கடலுக்குள் திரும்பியது. மைக்கை எடுத்து, வழுக்கிய கையால் பித்தானை அழுத்தி, “வரேன்,” என்றார்.

காற்று ஏறியிருந்தது. கயிற்றை ஃப்ரெடிதான் பிடித்தான். ஒரு கையில் பாட்டில் இருந்ததால் மறு கையால் பிடித்தான். ஜார்ஜ் கயிற்றைத் தன் படகின் மூக்கில் கட்டிவிட்டு, தலையை ஆட்டாமல் வீல் ஹவுஸுக்குள் போனார். இழுக்க ஆரம்பிக்கும் முன்பு சேனல் கரகரத்தது.

“லீக்கு இன்னும் கீதா?” என்றார் ஜார்ஜ்.

திருமலை கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். சொட்டு ஒன்று திரண்டு முழங்கை வரை இறங்கியது.

“கீது.”

மறுமுனையில் பித்தான் அழுத்தும் சத்தம் கேட்டது.

“சரி. இழு.”

இரண்டு படகும் பாதி வேகத்தில் வந்தன. கரை சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். ஏலம் முடிந்து சிலுவையம்மாள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்கால விலைக்கு வஞ்சிரம் பாதி, சங்கரா சுமார், காரப்பொடியைக் கேட்க ஆளில்லை. கேன் நிறைந்திருந்தது, கிருஷ்ணப்பன் அதை எடுத்துவிட்டு வேறு கேன் கட்டினான்.